எல்லாம் அவர் சித்தம் என்று யார் சொல்லலாம்?



நம் சங்கச் செயலாளர் இங்கே பேச என்னை அழைத்தபோது, "ஆன்மிகமா ஏதாவது பேசுங்க சார், ஆனா பிரசங்கம் வேண்டாம்" என்றார். நியாயமான வேண்டுகோள்தான். இந்த அரங்கில் திருநீறு இருக்கிறது, தொப்பி இருக்கிறது, ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரு மருத்துவரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில், இருந்தவர். அந்த மருத்துவமனையில் ஒரு முறையாவது சீட்டு வாங்கிக் காத்திருக்காத குடும்பம் இங்கே குறைவாகத்தான் இருக்கும்.

அவர் பெயர் மேரி வர்கீஸ். 1925-ல் கொச்சியில் பிறந்தார். வேலூரில் மருத்துவம் படித்து அங்கேயே பணியில் சேர்ந்தார். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு விடுமுறைக்கு வெளியூர் போனபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலும் உணர்வும் போய்விட்டன. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்த நாளில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் கதி என்ன என்பதை ஒரு மருத்துவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விபத்தில் பிழைத்தவரைப் பின்னால் வரும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொண்டுபோய்விடும். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் லுட்விக் குட்மன் இவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியதே 1944-ல்தான். நம் நாட்டில் அப்படிப்பட்ட வசதி அப்போது இல்லை.

இப்படி ஒரு கட்டிலருகே எங்கள் கிறிஸ்தவ சபையார் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் இருக்கும். ஒரு சின்ன ஜெபம் நடக்கும். பிறகு, "எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா, ஏதோ நன்மைக்குத்தான் அனுமதிச்சிருக்கார்" என்பார்கள். மற்ற சமயத்து நண்பர்கள் சிரிக்க வேண்டாம். தலையெழுத்து, ஊழ்வினை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தானே சொல்கிறார்கள்! சொல்கிறவர் மனம் நல்லதுதான். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறவர் அவர். கட்டிலில் கிடப்பவர் வேறொருவர்.

வேதாகமத்தில் யோபு என்று ஒருவர் வருகிறார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருப்பவர். பார்க்க வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்பேன். அதன் பிறகு வாயைத் திறந்தார்கள். கடவுள் நீதியுள்ளவர், காரணமில்லாமல் எதுவும் நடக்காது என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். தனியாக எடுத்துப் பார்த்தால் பல இடங்களில் அருமையான பிரசங்கம். யோபுவோ தான் பிறந்த நாளையே சபித்தார். கடவுளையே வழக்குக்கு அழைத்தார். கடைசியில் கடவுள் யார்மேல் கோபப்பட்டார்? அந்த நண்பர்கள்மேல். யோபு பேசியதுதான் சரி என்றார். கர்த்தரை நம்பு என்று ஒருவரிடம் சொல்லக் கிளம்பும் எவரும் அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தை ஒரு தரம் வாசித்துவிட்டுக் கிளம்பலாம்.

அதே வேதாகமத்தில் சங்கீதங்கள் என்ற பாடல்கள் 150. அவற்றில் புலம்பல் பெரும் பங்கு. எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் ஆறுதலே கிடையாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதையும் ஆராதனைப் புத்தகத்தில் வைத்தார்கள். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தானே அப்படி முறையிடுவான்?

மேரி வர்கீஸிடம் வருவோம். வேலூரில் அப்போது பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இருந்தார், 1946-ல் வந்தவர். தொழுநோயாளிகளின் கை ஏன் பாழாகிறது என்று ஆராய்ந்தவர். நோய் நரம்பைக் கெடுப்பதால் விரல்கள் மடங்கிப்போகின்றன. வலி தெரியாததால் சுட்டாலும் வெட்டினாலும் கையை இழுப்பதில்லை. காயம் காயமாகச் சேர்ந்து கை தேய்கிறது. முன்கையில் நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை விரலுக்குக் கொண்டுபோய் இணைத்து, மடங்கிய விரலைத் திரும்ப வேலை செய்யவைத்தார் அவர். நோயாளி அந்த விரலை அசைக்கப் புதிதாகப் பழக வேண்டும்.

இந்த அறுவையில் ஒரு வசதி உண்டு. மேசைமேல் நோயாளியின் கையை வைத்துக்கொண்டு மருத்துவர் உட்கார்ந்தே செய்யலாம். அப்படியானால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். பிராண்ட் அந்த வேலையைக் கொண்டுவந்து மேரியின் முன்னால் வைத்தார். எதிரெதிரே இருந்த நோயாளியையும் மேரியையும் எண்ணிப் பாருங்கள். கையில் உணர்வில்லாத நோயாளி அடுப்புக்குப் பயப்பட வேண்டும். காலில் உணர்வில்லாத மருத்துவர் படுக்கைப் புண்ணுக்குப் பயப்பட வேண்டும். தங்கள் உடம்பைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காக்க வேண்டியவர்கள் இருவருமே.

பிறகு மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போய், நாற்காலியோடு தனியாக வாழப் பழகினார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ; 1986-ல் காலமானார். மரத்திலிருந்து விழுந்தவர்களும் சாலை விபத்தில் அடிபட்டவர்களும் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாங்களே மாறவும், ஊருக்குத் திரும்பிப் பிழைக்கவும் பழகும் இடம் அந்த நிலையம்.

ஆகவே அந்த விபத்து நல்லதற்குத்தான் என்று கணக்கை நேர்செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கணக்கைப் போட உரிமையுள்ளவர் மேரி ஒருவரே. ஆழ்ந்த விசுவாசி அவர். தன் வாழ்க்கை ஆண்டவர் கையில் இருக்கிறது என்று அவர் சொன்னால் நான் தலைவணங்குவேன். அதையே நான் அவரிடம் சொல்லியிருந்தால், யோபுவின் நான்காவது நண்பனாகியிருப்பேன்.

வெளிநாட்டில் வாழும் நம் வீடுகளுக்கு வருகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வரும். அப்பா போய்விட்டார். பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருக்கும். நாளை மறுநாள் பிள்ளைக்குப் பரீட்சை. விடிவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் வரிசையாக இறங்கும். நம்மில் பலர் மனதார ஜெபிக்கவும் செய்வோம். அது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் புதிய நிர்வாகக் குழுவிடம் ஒரு விண்ணப்பம். டிக்கெட் போட்டுக் கொடுப்பவர், தூதரகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர், பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்பவர், சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அறிவுரை சொல்லாமல் திரும்புகிறவர் என்று ஒரு பட்டியலை இந்த ஆண்டே எழுதிவையுங்கள். விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டும் வரிசையில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், எந்த நேரமானாலும் சரி.