துவக்கைத் தொடாத வீரன்

(முதலுதவி வகுப்பின் இறுதி நாளில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கட்டுப் போடவும், அடிபட்டவரைப் பக்குவமாகத் தூக்கவும் இந்த வகுப்பில் பழகினீர்கள். இதே வேலையைச் செய்து ஒரு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் டெஸ்மண்ட் டொஸ். 1919ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் பிறந்தவர். தகப்பன் தச்சுத் தொழிலாளி. தாய் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நம்மைப் போல உழைத்துச் சாப்பிட்ட குடும்பம்.

1942இல் இராணுவத்தில் சேர்ந்தார். ஆனால், கொலை செய்யாதே என்பது கடவுள் கட்டளை, ஆகவே துவக்கைத் தொடமாட்டேன், காயப்பட்டவர்களைப் பார்க்கிறேன் என்றார். கூட இருந்தவர்கள் கோழை என்று கேலி பண்ணினார்கள். படையை விட்டே விலக்கப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

1945 மே மாதம், ஜப்பானின் ஒக்கினாவா தீவில் கடும் சண்டை. செங்குத்தான ஒரு மலை உச்சியில் குண்டு மழையாகப் பொழிந்தது. மற்றவர்கள் பின்வாங்கிக் கீழே இறங்கிவிட்டார்கள். டொஸ் மட்டும் காயப்பட்டவர்களோடு மேலேயே நின்றார். ஒவ்வொருவராக விளிம்புக்குக் கொண்டுவந்து, கயிற்றிலே கட்டி இறக்கினார். "ஆண்டவரே, இன்னும் ஒருவரைக் காப்பாற்ற உதவும்" என்று ஒவ்வொரு தடவையும் வேண்டிக்கொண்டாராம். அப்படிப் பிழைத்தவர்கள் 75 பேர் என்று கணக்கிட்டார்கள்.

சில நாளில் அவருக்கே காலில் காயம். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும் வழியில், தன்னைவிட மோசமாக அடிபட்ட ஒருவரைக் கண்டார். உடனே தான் இறங்கிக்கொண்டு, "முதல்ல அவரைத் தூக்குங்க" என்றார். 1945 ஒக்டோபரில் ஜனாதிபதி ட்ரூமன் கையால் பதக்கம் கிடைத்தது.

பதக்கத்தோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. போர்க்களத்தில் தொற்றிய சயரோகத்தால் ஒரு பக்க நுரையீரலையும், ஐந்து விலா எலும்புகளையும் இழந்தார். அப்படியும் மனந்தளராமல் 87 வயதுவரை வாழ்ந்து, 2006இல் காலமானார். இன்றைக்குச் சயரோகத்துக்கு நல்ல மருந்து இருக்கிறது. ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் சுகமாகும். ஆகையால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மறைக்காமல் டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

மலையில் ஒருவர் சறுக்கி விழுந்தால், கம்பளியில் கட்டியாவது தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நாம். அந்தத் தைரியம் நமக்கு உண்டு. தூக்கும் முறை தெரியாமல் தூக்கினால் காயம் பெரிதாகிவிடும். அதற்குத்தான் இந்த வகுப்பு. அடுத்த வகுப்புக்கு வரும்போது, உங்கள் லயத்திலிருந்து இன்னும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.