நூற்றாண்டுக்கு நாங்கள் தைத்த போர்வை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வைத்தியர் ஒருவர், தம் வகுப்புத் தோழியர் சார்பில் ஆற்றிய உரை)



மேடைக்குப் பின்னால் தொங்கும் போர்வையைக் காட்டி, "இது என்ன படம்?" என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டீர்கள். படம் ஒன்றுமில்லை. கோணேசர் கோயில் இல்லை, துறைமுகம் இல்லை, பாடசாலைச் சின்னமும் இல்லை. வேண்டுமென்றுதான் விட்டோம்.

முதலில் படம் போடத்தான் யோசித்தோம். ஆனால் எங்கள் வகுப்பில் கோயிலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இருந்தோம். ஊரை விட்டு இடம்பெயர்ந்து வந்து இடையில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். யாருடைய ஊரைப் படமாகப் போடுவது? பெயர்களைத் தைப்போம் என்றாள் ஒருத்தி. இருக்கிறவர்களின் பெயரையா, 2004 சுனாமியில் போனவர்களின் பெயரையா, எங்கே என்றே தெரியாதவர்களின் பெயரையா? அந்தப் பேச்சு இரண்டு கூட்டத்தோடு நின்றது. நிறத்தை மட்டும் வைத்துத் தைப்போம் என்று முடிவெடுத்தோம்.

இது புதுமையும் அல்ல. 1911இல் பாரிஸில் சோனியா டெலோனே என்ற ஓவியர், தன் கைக்குழந்தைக்குத் துண்டுத் துணிகளால் ஒரு போர்வை தைத்தார். உக்ரைனில் பிறந்தவர் அவர். அங்குள்ள குடியானவர் வீடுகளில் கண்ட முறையில்தான் அதைத் தைத்தார். அதில் உருவம் எதுவும் இல்லை. நிறங்களே அசைவதுபோலத் தோன்றும் அவருடைய பிற்கால ஓவியங்களுக்கு அந்தப் போர்வை ஒரு தொடக்கம்.

துணி கேட்டு எழுதினோம். ரொறன்ரோ, லண்டன், சிட்னி, வவுனியா என்று எங்கிருந்தெல்லாமோ பொதிகள் அன்புவழிபுரத்துக்கு, எங்களில் ஒருத்தியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கூறைச்சேலையின் கரை, சாமத்திய வீட்டுப் பாவாடை, இல்ல விளையாட்டுப் போட்டிக் கொடி. மீதியெல்லாம் வெள்ளைச் சீருடை! வெள்ளை ஒரே நிறம் என்று நினைத்திருந்தோம். விறாந்தையில் விரித்துப் பார்த்தால் ஒன்று பழுத்த மஞ்சள், ஒன்று நீலம் போட்டுத் தோய்த்துத் தோய்த்து நீலம் பாய்ந்தது, ஒன்று சாம்பல்.

பிரான்சின் கொபெலின் நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல் என்ற இரசாயனவியலாளர். கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று அவரிடம் முறைப்பாடு வந்தது. சோதித்தார். சாயத்தில் பிழையில்லை, பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் கறுப்பை மங்கவைத்தன. 1839இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். எங்கள் விறாந்தையிலும் அதுவே நடந்தது. கொடிப் பச்சைக்குப் பக்கத்தில் கூறைச் சிவப்பை வைத்தால் இரண்டும் துடிக்கின்றன. நடுவில் பழுத்த வெள்ளையை வைத்தால் அடங்குகின்றன. அகலத் துண்டுகளிலிருந்து ஒடுங்கிய துண்டுகளுக்கு, இருளிலிருந்து வெளிச்சத்துக்குச் சரிவாக அடுக்கியபோது கண் தானாக ஓடத் தொடங்கியது. அதுதான் நீங்கள் "தண்ணீர் போல" என்று சொல்லும் அசைவு.

தைத்த முறையைக் கர்நாடகத்தின் சித்திப் பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ஆபிரிக்க வம்சாவளியினரான அவர்கள் 'கவந்தி' என்ற போர்வையைக் கையாலேயே தைப்பார்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து மடித்து, ஓட்டுத் தையலில் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். கடைசியில் மூலைகளில் முக்கோணமாக மடித்த துணிகளை வைப்பார்கள். அவற்றுக்குப் பூ என்று பெயர். எங்கள் போர்வையின் நான்கு மூலைகளிலும் அவை உண்டு.

நடுப்பகுதிக்கு வந்தபோது எங்களோடு படித்த ஒருத்தியின் அம்மா வந்தார். மகள் காணாமல் போய்ப் பல வருடங்கள். கையில் அவளுடைய கத்தரிப்பூ நிறச் சட்டை. "வையுங்கோ பிள்ளையள். ஆனா வெட்டிப் போடாதையுங்கோ. அவள் வந்தாக் கேப்பாள்" என்றார்.

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. முழுச் சட்டையை வைத்தால் நடுவில் புடைக்கும் என்றார்கள் சிலர். வேறெங்கும் அந்த நிறம் இல்லை, தனித்து நிற்கும் என்றார்கள் வேறு சிலர். அம்மா ஒன்றும் பேசாமல் விறாந்தைக் கட்டில் இருந்தார். கடைசியில் சட்டையை வெட்டாமல் மடித்து நடுவில் வைத்தோம். சுற்றிவர இருந்த நீல வெள்ளைகளைப் பிரித்தெடுத்து, பழுத்த வெள்ளைகளை வைத்தோம். இரண்டு சனிக்கிழமை போனது. மஞ்சளுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறம் ஆழமாகத் தெரிகிறது, பாருங்கள்.

போர்வை முழுக்க ஒரே நூல் ஓடுகிறது. சட்டையைச் சுற்றி மட்டும் அப்படியில்லை. காயத்துக்குத் தையல் போட்டுப் பழகிய கைகள் எங்களில் உண்டு. ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சுப் போட்டால், பிறகு ஒன்றொன்றாக வெட்டி எடுக்கலாம், மற்றது அவிழாது. அந்தச் சட்டையைச் சுற்றி அப்படி 64 முடிச்சுகள் போட்டிருக்கிறோம். அவள் வந்து கேட்டால் சட்டை முழுதாக வரும், போர்வையும் குலையாது.

விழா முடிந்ததும் இதை நூலகத்தில் தொங்கவிடப் போகிறோம். வெயில் படாத சுவர் ஒன்று தரும்படி அதிபரைக் கேட்டிருக்கிறோம், சாயம் வெளுத்துவிடும். இன்று கிட்ட வந்து பாருங்கள், தொட்டும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பிந்தி வந்த துணிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இரண்டாவது போர்வைக்கு ஊசி பிடிக்க ஆட்கள் வேண்டும். வெள்ளை போதும், நிறம் இருந்தால் அனுப்புங்கள்.