உள்ளங்கைத் திரையில் ஒரு பழைய ஆட்டம்

பழைய வீடியோ கேம்களை ஓட்டும் சின்னக் கணினிக்கு ஒரு சின்னத் திரையைப் பொருத்துவது பற்றி இன்று பேசப்போகிறேன்.

கணினி என்று நான் சொல்வது ராஸ்பெரி பை. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று பிரிட்டனில் உருவாக்கி, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்த சிறு பலகை. ரெட்ரோபை என்ற இலவச மென்பொருளை ஒரு மெமரி கார்டில் ஏற்றி அதில் செருகினால், பழைய கேம் இயந்திரங்களைப் போல் நடந்துகொள்ளும். 1990-களில் டிவியோடு இணைத்து மரியோவும் காண்ட்ராவும் ஆடியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நம் வீடுகளுக்கு வந்த அந்தப் பெட்டிகளில் பல, நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விற்ற ஃபேமிகாமின் நகல்கள்தான்.

அந்த ஃபேமிகாம் வரைந்த படத்துக்கு அகலம் 256 புள்ளி, உயரம் 240 புள்ளி. இன்று பொழுதுபோக்காகச் செய்பவர்கள் அதிகம் வாங்கும் சின்னத் திரைக்கு அகலம் 320 புள்ளி, உயரம் அதே 240! பழைய ஆட்டத்தின் ஒரு புள்ளி, இந்தத் திரையிலும் ஒரே ஒரு புள்ளியாக வந்து உட்காரும். இழுக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். பெரிய டிவியில்கூட அவ்வளவு எளிதாகக் கிடைக்காத துல்லியம் இது.

என் பட்டறைக்கு ஒரு கல்லூரி மாணவர் வந்தார். “சார், மரியோ முகமே கலங்கித் தெரியுது, திரை மட்டம் போல” என்றார். திரையில் ஒரு குறையும் இல்லை. கணினி, பெரிய டிவிக்கான 1080 வரிப் படத்தைத்தான் இன்னும் தயாரித்துக்கொண்டிருந்தது. 240-ஐ நான்கரை மடங்கு பெரிதாக்கி, மறுபடி 240-ஆகச் சுருக்கினால் முகம் எப்படித் தெளிவாக இருக்கும்? மெமரி கார்டில் கான்ஃபிக் என்ற கோப்பைத் திறந்து, அளவு 320-க்கு 240 என்று எழுதினோம். மரியோவின் மீசை தெரிந்தது. இரு பக்கமும் 32 புள்ளி அகலத்துக்குக் கறுப்பு ஓரம் நிற்கும். அதை நிரப்பப் படத்தை இழுக்கலாம், பழைய டிவியிலும் படம் கொஞ்சம் அகலமாகத்தான் தெரிந்தது என்று வாதாடுபவர்கள் உண்டு. நான் ஓரத்தை அப்படியே விடுகிற கட்சி.

அடுத்தது வேகம். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்தத் திரைக்குப் படம் எஸ்.பி.ஐ. என்ற இணைப்பின் வழியே போகிறது. படத்துக்கென்று அதில் இருப்பது ஒரே கம்பி. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்க முடிகிற சந்து மாதிரி, பிட்டுகள் வரிசையாகத்தான் போக வேண்டும். ஒரு முழுப் படத்துக்கு 76,800 புள்ளி, புள்ளிக்கு 16 பிட். விநாடிக்கு 60 படம் என்றால் ஏழு கோடி பிட்டுக்கு மேல். கம்பியில் விநாடிக்கு 3.2 கோடி பிட் ஓடினால் 26 படம்தான் தேறும். மரியோ தாவுவதற்குள் பள்ளம் வந்துவிடும்.

இதற்கு ஆர்வலர் ஒருவர் ஒரு நிரல் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். முந்தைய படத்தையும் புதிய படத்தையும் அது ஒப்பிடுகிறது. மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்புகிறது. வானம் அசையவில்லையா, வானத்தை விட்டுவிடு! திரை முழுவதும் ஒரேயடியாக மாறினால், ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை. பழைய ஃபேமிகாமுக்கும் இதே நெருக்கடி இருந்தது. ஒரு முழுப் படத்தைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொள்ள அதன் நினைவகத்தில் இடம் இல்லை. எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களை அடுக்கித்தான் பின்னணியை உருவாக்கியது. மரியோவில் வரும் மேகத்தையும் புதரையும் உற்றுப் பாருங்கள்: ஒரே உருவம், நிறம்தான் வேறு. இல்லாமையிலிருந்து பிறந்த இந்தச் சாமர்த்தியம் இத்தனை வருடம் கழித்து ஒரு சின்னத் திரையில் வேறு உருவத்தில் திரும்பி வந்திருப்பது எனக்கு மிகுந்த சந்தோஷம் தருகிறது.

பொருத்துகிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையில் 40 பின்கள். திரைக்குப் போகும் சிக்னல் கம்பிகளுக்கு 3.3 வோல்ட்தான், அவற்றில் 5 வோல்ட் தவறிப் பட்டால் பலகையே போய்விடும். திரை வெறும் வெள்ளையாக ஒளிர்ந்தால், கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பின்விளக்குக்கு மின்சாரம் வருகிறது, கட்டளை மட்டும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். என்னிடம் வரும் வெள்ளைத் திரைகளில் பெரும்பாலும் டி.சி. என்று குறித்த பின்னின் கம்பி தளர்ந்திருக்கும். வருவது கட்டளையா படமா என்று திரைக்குச் சொல்வதே அந்தக் கம்பிதான்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் சொன்ன அந்த நிரல் ராஸ்பெரி பை 5-இல் ஓடாது. கணினி தயாரிக்கும் படத்தை நிரல் எடுத்துக்கொள்ளும் பழைய வழி அந்தப் பலகையில் இல்லை. பை 3 அல்லது ஜீரோ 2 போதும், விலையும் குறைவு.

நேரம் நெருங்குகிறது. மின் இணைப்பை எடுத்துவிட்டு வயரை மாட்டுங்கள், பின்களை இரண்டு தடவை எண்ணுங்கள், திரை அளவை மறக்காமல் எழுதுங்கள். வரும் விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.