ஊர்ப் பள்ளியும் நம் சாத்திர தானமும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களுள் இறுதியதைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். சமண முனிவர் உறைந்த பள்ளிகளில் ஊர்ப் பிள்ளைகள் எழுத்தறிந்தமையால் 'பள்ளிக்கூடம்' என்னும் பெயர் வந்தது என்பர் அறிஞர். பவணந்தி முனிவரின் நன்னூலும் இலக்கணத்திற்கு முன்பாக ஆசிரியர், மாணாக்கர் இயல்புகளையே உரைக்கிறது. அம்மரபினராகிய நம் ஊர்களில் இன்று அரசுத் தொடக்கப்பள்ளிகள் பிள்ளைகளின்றி மெலிந்து வருகின்றன.

காரணம் யாது? முதலாவது, பிறப்புக் குறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி மகப்பேறு 1.8 மட்டுமே. இரண்டாவது, பிழைப்பு நாடிக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. இவ்விரண்டும் நம் கையில் இல்லை.

மூன்றாவது, தனியார் பள்ளி மூன்று வயதிலேயே குழந்தையை மழலையர் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறது. அரசுப் பள்ளியின் முதல் வகுப்போ ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. இதனை உணர்ந்தே 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பெற்றன. எனினும் எல்லாச் சிற்றூர்களுக்கும் அவை எட்டவில்லை.

நான்காவது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் விடுப்பில் சென்றால் மற்றவரே அனைத்தையும் ஏற்க வேண்டும். இதைக் காணும் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகின்றனர். எண்ணிக்கை மேலும் சரிகிறது.

இறுதியில் எஞ்சுவோர் கட்டணம் செலுத்த இயலாத கூலித் தொழிலாளரின் பிள்ளைகளே. பள்ளி மூடப்பெற்றால் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டியவர்களும் அவர்களே. "நம் பிள்ளைகள் அங்குப் பயிலவில்லையே" எனச் சிலர் கேட்கலாம். தன் பிள்ளைக்குச் செய்வது கடமை. பிறர் பிள்ளைக்குச் செய்வதே தானம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஆலய விழாவிற்குச் சொந்த ஊர் செல்வோர், பள்ளிக்கும் சென்று தலைமையாசிரியரிடம் தேவை யாதெனக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருத்தல் சட்டம். ஊரில் வாழும் நம் பெற்றோர் அதில் இடம்பெறுங்கள். அறக்கட்டளையினர், தலைமையாசிரியரின் இசைவுடன், மழலையருக்குக் கற்பிக்க ஊரிலுள்ள படித்த பெண் ஒருவருக்கு மாதந்தோறும் மதிப்பூதியம் வழங்க முன்வர வேண்டும்.

ஜூன் மாதச் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இவ்வாண்டே தொடங்குவோம்.

அறம் வளர்க!