பிடித்த பிரேக் விடவும் வேண்டும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பிரேக் பற்றிப் பேச்செடுத்தால், "சரியாகப் பிடிக்கவில்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் என் பட்டறைக்கு வரும் டிஸ்க் பிரேக் வண்டிகளில் பலவற்றுக்கு நோய் வேறு. பிரேக் பிடிக்கிறது, பிடித்தபின் விடுவதில்லை.

1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் ஓட்டி வென்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சிட்ரோயன் டி.எஸ்., டிரையம்ப் டி.ஆர்.3, 1962இல் எம்.ஜி.பி. என்று சாலைக் கார்களின் முன் சக்கரங்களுக்கும் டிஸ்க் வந்துவிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பாகம் ஒரு ரப்பர் வளையம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபருக்குள் பிஸ்டனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மிதியை அழுத்தினால் பிஸ்டன் முன்னே நகரும், வளையம் அதை விடாமல் கவ்வியபடி லேசாக முறுகும். காலை எடுத்ததும் முறுக்கு நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுத்துவிடும். டிரம் பிரேக்கில் திரும்ப இழுக்க ஸ்பிரிங் உண்டு. இங்கே இந்த வளையம்தான் எல்லாம். யோசித்துப் பாருங்கள், பிரேக் ஆயிலை அனுப்புவது உங்கள் காலின் பலம். அது திரும்பி வரவோ இந்தச் சின்ன ரப்பரின் நெளிவு மட்டும்தான். வழியில் சிறு அடைப்பு இருந்தாலும் போகும் ஆயில் போய்விடும், திரும்பாது.

ஒரு எம்.ஜி.பி. வந்தது. வலது முன் சக்கரம் கொதிக்கிறது. வேறொரு இடத்தில் காலிபரையே புதிதாக மாற்றியிருந்தார்கள், பலனில்லை. உரிமையாளர் சொன்ன ஒரு விஷயம் என் காதில் நின்றது: "பிரேக் போட்டதும் இடப்பக்கம் இழுக்கும் அண்ணே, காலை எடுத்தால் வலப்பக்கம் இழுக்கும்." வலப்பக்கம் தாமதமாகப் பிடித்துத் தாமதமாக விடுகிறது என்று வண்டியே சொல்லிவிட்டதே!

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். மிதியை அழுத்தி விட்டபின்னும் சக்கரம் இறுகியே நின்றது. காலிபருக்குப் போகும் ரப்பர் ஹோஸுக்கு மேலே, உடம்போடு வரும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தினேன். சக்கரம் அசையவில்லை. ஆக, மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் மேல் பழியில்லை. பிறகு காலிபரில் காற்றெடுக்கும் திருகான பிளீடரைத் திறந்தேன். ஆயில் பீய்ச்சியது, சக்கரம் சுழன்றது! பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தால் பிளீடரைத் திறந்தும் சுற்றாது. மிச்சம் இருப்பது நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் ஒன்றுதான். கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்சுவர் உப்பி வழியை அடைத்திருந்தது. விலை குறைந்த பாகம், அதற்காகக் காலிபர் பலியாகியிருந்தது.

வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நட்டைத் திறந்தால் ஆயில் வழியில் காற்றும் புகுந்துவிடும். காற்றெடுத்து, மிதி கெட்டியான பிறகே வண்டியை நகர்த்துங்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றால் ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

இரண்டு முன் சக்கரங்களும் சேர்ந்து இறுகினால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். மிதிக்குச் சற்றே வெறும் ஆட்டம் இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் துளை மூடியே கிடக்கும். மிதி துடித்தால் டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மலையிறங்கும்போது மிதி தரைக்குப் போனால் ஆயிலில் தண்ணீர் ஏறியிருக்கலாம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். ஓடாமல் நிற்கும் பழைய வண்டிக்கும் இரண்டு ஆண்டுக்கொருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. எந்தச் சக்கரம் சுடுகிறது, எந்த நட்டைத் திறந்தால் விடுகிறது, இந்த இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்தபின் பாகம் வாங்குங்கள். இத்தனை ஆண்டு உழைத்த கார்கள் பாதுகாப்பாக இன்னொரு தலைமுறைக்கும் ஓடட்டும்.