புகழ்பெற்ற பெற்றோர் பிள்ளைகளுக்குப் பாரமே!



எதிரணியிலே பேசின அம்மா ராஜேந்திர சோழனைக் கொண்டாந்து நிறுத்தினாங்க. அப்பா ராஜராஜனையே மிஞ்சின பிள்ளை, கங்கை வரைக்கும் படை அனுப்பினவன், கடாரம் கொண்டவன். உண்மைதாம்மா, மறுக்கலை. ஆனா ஒண்ணு கேக்குறேன். அவ்வளவு பெரிய தஞ்சாவூரை விட்டுட்டு, கங்கைகொண்ட சோழபுரம்னு புதுசா ஒரு தலைநகரைக் கட்டிக்கிட்டு ஏன் போனான்? சரித்திரப் பேராசிரியர்கள் பல காரணம் சொல்வாங்க. எனக்குத் தோணுறது ஒண்ணுதான். தஞ்சாவூர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பா கட்டின பெரிய கோயில்தான் கண்ணுல படும்! (சிரிப்பு, கைதட்டல்)

இந்திரஜித்தை எடுத்துக்குங்க. இந்திரனையே கட்டி இழுத்து வந்தவன். கம்பன் காட்டுறான், கடைசியிலே அப்பன்கிட்ட வந்து, சீதையை விட்டுடுங்கன்னு சொல்றான். ராவணன் கேக்கலை. தோத்துப் போவோம்னு தெரிஞ்சே பிள்ளை தேர் ஏறுறான். அப்புறம் அதே ராவணன் போர்க்களத்திலே தேடிப் போறான். உடம்பு கிடைக்குது, தலை கிடைக்கலை.

புராணத்தை விடுவோம். நம்ம காலத்துக்கு வருவோம். ஹரிலால்னு ஒரு பேரு. இந்த அரங்கத்திலே எத்தனை பேருக்குத் தெரியும்? மகாத்மா காந்தியோட மூத்த மகன்யா அவரு! 1888-லே பிறந்தவர். தென்னாப்பிரிக்காவிலே அப்பா போராட்டம்னு சொன்னா, பிள்ளை முன்னாடி போய் ஜெயில்ல உக்காருவாரு. ஒரு தடவை இல்லை, பல தடவை. 'சின்ன காந்தி'ன்னே கூப்பிட்டாங்க. அவருக்கு ஒரே ஒரு ஆசை. அப்பா மாதிரி லண்டன் போய் பாரிஸ்டர் படிக்கணும். உதவித்தொகை தர ஒரு நண்பரும் வந்தார். காந்தி என்ன செஞ்சார்? அதைத் தன் மகனுக்குக் கொடுக்காம, உறவுக்காரப் பையன் ஒருத்தரை அனுப்பி வச்சார். உலகம் அதை நியாயம்னு சொல்லிச்சு. நானும் சொல்றேன். ஆனா நீங்க அந்தப் பிள்ளையா இருந்து பாருங்க.

1911-லே வீட்டை விட்டுக் கிளம்பினவர்தான். குடி, கடன், 1936-லே மதமாற்றம், பிறகு திரும்பி வந்தது, எல்லாம் பத்திரிகையிலே வந்தது. வேற வீட்டுப் பையன் குடிச்சா அந்தத் தெருவுக்குத்தான் தெரியும்; இவர் குடிச்சா தேசத்துக்கே தெரியும்.

கட்னி ரயில் நிலையம். காந்தி, கஸ்தூரிபா போற வண்டி நிக்குது. கூட்டமெல்லாம் மகாத்மாவுக்கு ஜே போடுது. ஒரே ஒரு குரல் மட்டும் கஸ்தூரிபாவுக்கு ஜே போடுது. யாருன்னு பார்த்தா, பல்லெல்லாம் கொட்டி, கந்தல் துணியோட ஹரிலால்! கையிலே ஒரு ஆரஞ்சுப் பழம். அம்மாகிட்ட மட்டும் கொடுக்கிறார், நீதான் சாப்பிடணும்னு. எனக்கு இல்லையான்னு காந்தி கேக்கிறார். உங்க பெருமையெல்லாம் அம்மாவாலே வந்ததுன்னு சொல்றார் மகன். வண்டி நகருது. அப்பத்தான் அந்தத் தாய்க்கு ஞாபகம் வருது, பிள்ளைக்குத் திங்க ஒண்ணும் கொடுக்கலையேன்னு. கூடையிலிருந்து பழத்தை எடுத்து நீட்டுறாங்க. வண்டி போயிருச்சுங்க. (அமைதி)

1948 ஜனவரி 30-லே தேசப்பிதா போனார். அந்த ஜூன் 18-லே, பம்பாய்ல ஒரு காசநோய் ஆஸ்பத்திரியிலே ஹரிலால் போனார். அஞ்சு மாசம்கூட ஆகலை.

நடுவர் மணியைத் தொடுறார். ஐயா, ஒரே நிமிஷம்.

எங்கப்பா கணக்கு வாத்தியார். நான் படிச்ச அதே பள்ளிக்கூடம். அரைப்பரீட்சையிலே கணக்கிலே 17 மார்க். வகுப்பே சிரிச்சது. கணக்கு வாத்தியார் மகன் 17! அன்னைக்கு ராத்திரி எங்கப்பா என்னை அடிக்கலை. சாப்பிடாம படுத்துட்டார். அடிச்சிருந்தாத் தேவலை.

இன்னைக்கு எனக்கு ஒரு பையன். போன வாரம் சொல்றான், "அப்பா, டிவியிலே என்னைப் பத்திப் பேசாதீங்க. ஸ்கூல்ல பேச்சுப் போட்டின்னா என்னைத்தான் எழுப்பி விடுறாங்க. எனக்குப் பேச வரலைப்பா, படம் வரையத்தான் வருது."

சரிப்பான்னு சொல்லிட்டேன். இப்ப வாக்கை மீறிட்டேன். அவன் இந்த அரங்கத்திலேதான் இருக்கான். எந்த வரிசைன்னு சொல்ல மாட்டேன். கேமராக்காரத் தம்பி, தயவு செஞ்சு தேடாதீங்க.