வானதூதர் பெயர்களும் எங்கள் குச்சனூரும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் குச்சனூர்க்காரன், டெலிகாம் என்ஜினீயர். வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் "சனீஸ்வரன் ஊரா?" என்று ஒரு அடி தள்ளி நிற்பார்கள். சமீபத்தில் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு தம்பி, ஊர் என்ற இடத்தில் "தேனி அருகில்" என்று மட்டும் எழுதியிருந்தான். கேட்டால், "குச்சனூர்னா சிரிக்கிறாங்க சார்" என்கிறான். அவனிடம் பேசியதைத்தான் இங்கேயும் பேசப்போகிறேன்.

இராயப்பன்பட்டிப் பையனுக்குக் கபிரியேல் என்று பெயர் வைப்பார்கள், உத்தமபாளையத்துப் பையனுக்கு ஜிப்ரீல். ரெண்டும் ஒரே பேரு! கடைசியில் வரும் 'ஏல்' எபிரேய மொழியில் கடவுளைக் குறிக்கும். கபிரியேல் என்றால் 'கடவுள் என் வலிமை'. இரபேல் 'கடவுள் குணமாக்குகிறார்'. தோபித்து ஆகமத்தில் மீன் பித்தை வைத்துக் கண் வைத்தியம் சொல்லித் தருபவர் இவர்தான். மிக்கேல் 'கடவுளுக்கு நிகர் யார்?' பெயரே ஒரு கேள்வி! செய்தி கொண்டுவந்தவர் என்பதால் 1951இல் போப் 12ஆம் பயஸ், கபிரியேலைத் தொலைத்தொடர்புக்குப் பாதுகாவலர் ஆக்கினார். ஆக, எங்கள் துறைக்கும் ஆள் இருக்கிறார்.

இஸ்லாமிய மரபில் மழையும் உணவும் மீக்காயீல் பொறுப்பு. பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இரண்டு போகம் போடும் நமக்கு அவர் அருமையை விளக்க வேண்டாம். உயிரைக் கைப்பற்றும் வானவரை இஸ்ராயீல் என்கிறோமே, குர்ஆனில் அந்தப் பெயர் கிடையாது. 'மரண வானவர்' என்றுதான் இருக்கிறது.

இஷ்டத்துக்குப் பெயர் சேர்த்தவர்களும் உண்டு. 745இல் ரோமில் கூடிய திருச்சபைச் சங்கம், ஆல்டிபெர்ட் என்பவர் ஜெபத்தில் அழைத்த எட்டுப் பெயர்களில் மிக்கேலை மட்டும் ஏற்றது. 'கடவுள் என் ஒளி' என்று அழகான பொருள் கொண்ட ஊரியேலும் அதில் அடிபட்டுப் போனார். பாவம்!

ஐரோப்பிய மாந்திரீக நூல்களில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு தூதர். சனிக்கு உரியவர் காசியேல். அங்கேயும் சனி என்றால் கொஞ்சம் பயம்தான். ஆனால் நம் சனீஸ்வரன் பெயரைப் பிரித்துப் பாருங்கள். வடமொழியில் அது 'சனைச்சரன்', மெல்ல நடப்பவன். 'சரன்' என்பதுதான் மக்கள் வாயில் 'ஈஸ்வரன்' ஆயிற்று. சூரியனை ஒரு சுற்று வர அந்தக் கிரகத்துக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு. டெலஸ்கோப் இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால் பல வருஷம் பார்த்து வைத்த பெயர் இது. என்ஜினீயர் பாஷையில் சொன்னால் சுத்தமான அளவீடு. "சனியனே" என்ற திட்டெல்லாம் நாம் சேர்த்தது.

அந்தத் தம்பி விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கி, 'தேனி அருகில்' என்பதற்கு முன்னால் 'குச்சனூர்' என்று எழுதிக் கொடுத்தான். வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள், முடிவு இன்னும் வரவில்லை.

ஆடிச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊரில் திருவிழா. சுரபி நதியில் குளித்துவிட்டு வரலாம், எல்லோரும் வாருங்கள். பந்தி போட்டுவிட்டார்கள் என்று தலைவர் சைகை காட்டுகிறார்.